ஒரு ஷாட் கெட்டால் அதோடு போவதில்லை, பின்னாலேயே ஏழு ஹோல் போகிறது

கோணல்_டிரைவ்

முதலில் அன்றைய கோல்ஃப் ஸ்கோரைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் புரியும். முதல் ஒன்பது ஹோல் 42. பத்தாவதில் 5. ஆக, பத்து ஹோலுக்கு 47, பாரைவிட (நிர்ணயித்த அடிக் கணக்கு) 7 தான் அதிகம். என் ஹேண்டிகேப் (திறமைக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகள்) 18. இப்படி ஒரு நாள் எனக்கு வருவதே அபூர்வம். கடைசியில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கார்டில் இருந்தது 97.

நடுவில் நடந்தது பதினோராவது ஹோல். பார் 4. டிரைவ் (முதல் அடி) ஃபேர்வேக்கு (புல் வெட்டிய பாதை) நடுவே போய் உட்கார்ந்தது. கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரை) 140 கெஜம், கையில் எட்டாம் நம்பர் அயர்ன், காற்றே இல்லை. இதைவிட வசதியாக ஒரு ஷாட் கிடைக்காது. அடித்தேன். பந்து கிளப்பின் முகப்பில் படாமல் ஹோசலில் (தண்டு தலையோடு சேரும் இடம்) பட்டது. 'டக்' என்று ஒரு கேவலமான சத்தம். பந்து நேரே வலது பக்க மரங்களுக்குள். ஷாங்க்.

அந்த ஹோலில் 9. சரி, ஒரு ஹோல் போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. பன்னிரண்டாவது ஹோலின் டீயில் (தொடங்கும் இடம்) பழைய கணக்கைத் தீர்ப்பது போல டிரைவரை வீசினேன், பந்து ஓ.பி., அதாவது மைதான எல்லைக்கு வெளியே. மிச்சமிருந்த ஏழு ஹோலின் பார் 28, நான் எடுத்தது 41. இதற்கெல்லாம் முன்பே, பதினோராவதிலேயே, பிட்சிங் வெட்ஜைத் தரையில் ஓங்கி அடித்து வளைத்தும் விட்டேன். கூட ஆடிய மூன்று பேரும் அதற்கப்புறம் என்னிடம் வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நான் கேட்பது ஷாங்கைத் திருத்தும் வழி அல்ல. அதற்குத் தனி இழைகள் நிறைய இருக்கின்றன. ஷாட் கெட்ட அந்த நிமிடத்திலிருந்து அடுத்த ஷாட் வரைக்கும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? 'அமைதியாக இரு' என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள். அதை நானே எனக்கு நூறு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

விதிப்புத்தகம்

வெட்ஜ் எந்த அளவுக்கு வளைந்தது? அதே ரவுண்டில் மறுபடி அதைக்கொண்டு அடித்தீர்களா?

சும்மா கேட்கவில்லை. 2019-ல் விதிகள் மாறியதிலிருந்து, கோபத்தில் நாமே கெடுத்த கிளப்பாக இருந்தாலும் அந்த ரவுண்டு முடியும்வரை அதைக்கொண்டு அடிக்கலாம், பெனால்டி கிடையாது. அதற்குப் பதிலாக வேறொன்றை எடுத்துக்கொள்ளத்தான் முடியாது. 2021 மாஸ்டர்ஸ் போட்டியின் இரண்டாம் ரவுண்டில் கொரியாவின் சி வூ கிம் தன் பட்டரை (கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்) தரையில் குத்திக் கெடுத்துக்கொண்டார். மிச்ச ஹோல்களில் தூரம் அடிக்கும் த்ரீ வுட்டை வைத்துப் பட் செய்தார். மாஸ்டர்ஸ் கிரீனில், த்ரீ வுட்டால்!

கோணல்_டிரைவ்

பையில் நிறுத்தினால் அது மட்டும் தனியாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. அந்த அளவுக்கு. அப்புறம் அதைத் தொடவில்லை, தைரியம் வரவில்லை.

மணல்_மூத்தவர்

தம்பி, முப்பது வருடமாக இந்த ஆட்டத்தில் இருக்கிறேன். நான் வீசாத கிளப் இல்லை. ஒரு செவன் அயர்ன் மரத்தில் மாட்டிக்கொண்டு, அதை இறக்க வீசிய ஃபைவ் அயர்னும் மாட்டிக்கொண்ட நாள் உண்டு. எனவே நீங்கள் சொல்வது புரிகிறது.

டைகர் உட்ஸின் பத்தடிக் கணக்கை எல்லோரும் சொல்வார்கள். ஷாட் கெட்டால் பத்து அடி நடக்கும்வரை மனதுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம், அதைத் தாண்டினால் அது முடிந்த கதை. நானும் முயன்றேன். பத்தாவது அடியில் எனக்குக் கோபம் ஏறித்தான் இருந்தது, ஏனென்றால் கெட்ட கிளப் இன்னும் கையிலேயே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடக்க நடக்க, அந்த ஷாட்டையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது செய்வது வேறு. அடித்த இடத்திலேயே நிற்பேன். பையில் தொங்கும் ஈரத் துண்டை எடுத்துக் கிளப்பின் முகப்பைத் துடைப்பேன். கோடுகளுக்குள் மண் இருக்கும், புல் ஒட்டியிருக்கும், அதையெல்லாம் நகத்தால் எடுத்துவிட்டு மறுபடி துடைப்பேன். துடைத்து முடிக்கும்வரை திட்டலாம், சபிக்கலாம், இந்த ஆட்டமே வேண்டாம் என்று முடிவுகூட எடுக்கலாம். கிளப் பைக்குள் இறங்கியதும் பேச்சு நின்றுவிட வேண்டும். முதல் மாதம் வேலை செய்யவில்லை. இரண்டாம் மாதம் கொஞ்சம். இப்போது துண்டைத் தொட்டாலே பாதி இறங்கிவிடுகிறது.

இன்னொன்று. கோபக்காரன் உருப்படமாட்டான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பாபி ஜோன்ஸ் இளைஞராக இருந்தபோது கிளப் வீசுவதில் பேர் போனவர். 1921-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனின் மூன்றாம் ரவுண்டில், பதினோராவது ஹோலின் பங்கரில் (மணல் குழி) மாட்டி, பந்தை எடுத்துக்கொண்டு போட்டியைவிட்டே விலகினார். அப்போது வயது 19. அதே மைதானத்தில் 1927-ல் ஓப்பன் ஜெயித்தார். 1930-ல் அந்தக் காலத்தின் நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே வருடத்தில் எடுத்தார். உங்களுக்கும் வாய்த்தது பதினோராவது ஹோல்தான், கவனித்தீர்களா?

பொறுமை_எதற்கு

மூத்தவர் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் இந்தத் துண்டு, மூச்சு, எண்ணுவது எல்லாம் எனக்கு ஒத்துவராது. கோபத்தை விழுங்கினால் அது கையில்தான் வந்து உட்காரும். நான் ஒரு வார்த்தை கத்திவிடுவேன், முடிந்தது. டாமி போல்ட் என்று ஒரு அமெரிக்கர், கோபத்துக்கே பெயர் போனவர், 1958-ல் யு.எஸ். ஓப்பன் ஜெயித்தார். அவர் பெயரில் ஒரு புத்திமதி உலவுகிறது: கிளப்பை வீசுவதானால் போகிற திசையில் வீசு, திரும்பி வந்து எடுக்க வேண்டியிருக்காது. இதைவிட நடைமுறை அறிவுரை ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்.

தவிர, 18 ஹேண்டிகேப்புக்கு ஷாங்க் வரத்தான் செய்யும். பந்துக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறீர்கள், எடை விரல்நுனிக்குப் போகிறது. மனசைத் திருத்துவதைவிட அதைத் திருத்துங்கள்.

எண்கணக்கு

கோணல், அந்த 9-ஐ ஒவ்வொரு அடியாக எழுதுங்கள். உண்மையைத்தான் எழுத வேண்டும்.

கோணல்_டிரைவ்

எழுதுகிறேன், எழுதும்போதே கசக்கிறது.

1, டிரைவ், நன்று. 2, ஷாங்க், மரங்களுக்குள். 3, இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு இடைவெளி தெரிந்தது, கிரீனைக் குறிவைத்தேன், அடிமரத்தில் பட்டு இன்னும் உள்ளே வந்தது. 4, அதே இடைவெளி, அதே யோசனை, கிளையில் பட்டு பத்தடி நகர்ந்தது. 5, பக்கவாட்டில் தட்டி ஃபேர்வேக்கு வந்தேன். 6, 120 கெஜத்திலிருந்து பிட்சிங் வெட்ஜ், பந்துக்கு முன்னாலேயே தரையில் பட்டு, கிரீனுக்கு முன்னிருந்த பங்கரில் விழுந்தது. வெட்ஜ் வளைந்தது இங்கேதான். 7, பங்கரிலிருந்து வெளியே, கிரீனில். 8, 9 இரண்டு பட்.

எண்கணக்கு

நல்லது. இப்போது கணக்குப் பார்ப்போம்.

ஷாங்கே இல்லாவிட்டால் உங்கள் ஹேண்டிகேப்புக்கு அந்த ஹோலில் 5 வந்திருக்கும். ஷாங்க் ஆனபிறகு மூன்றாவது அடியிலேயே பக்கவாட்டில் தட்டியிருந்தால்? நாலாவதில் கிரீன், இரண்டு பட், 6. ஆக அந்த ஷாங்க் உங்களிடம் வாங்கியது ஒரே ஒரு அடி. 9-க்கும் 6-க்கும் நடுவே இருக்கும் மூன்று அடிகளை வாங்கியது 3, 4, 6 என்ற மூன்று ஷாட்டுகள். அந்த மூன்றும் எட்டாம் நம்பர் அயர்னின் தப்பு இல்லை. போன ஷாட்டை இந்த ஷாட்டிலேயே வசூல் செய்யப் பார்த்ததன் தப்பு.

எனவே என்னைக் கேட்டால் கோபம் வருவது பிரச்சினையே இல்லை. வரட்டும். கோபத்தோடு பக்கவாட்டில் ஒரு சிப் அடித்தால் அதுவும் ஃபேர்வேக்குத்தான் போகும். மரத்துக்கு உங்கள் மனநிலை தெரியாது.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரிவதில்லை. 2020-ல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் ஒரு ஹோலுக்கு உச்சவரம்பு உண்டு. பாரோடு இரண்டு, அதற்கு மேல் அந்த ஹோலில் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை அடி. 18 அடி சலுகை இருந்தால் ஹோலுக்கு ஒன்று. பார் 4-ல் அது 7. நீங்கள் எடுத்த 9 ஹேண்டிகேப் கணக்கில் 7 ஆகத்தான் ஏறும். அதுவும் கடைசி 20 ரவுண்டில் சிறந்த 8 தான் கணக்கு. அந்த நாள் எட்டுக்குள் வரவே வராது. நீங்கள் ஏழு ஹோல் துக்கம் கொண்டாடியது கணக்கிலேயே சேராத ஒன்றுக்காக.

எதிர்பார்ப்பையும் பாருங்கள். டிவியில் வரும் டூர் ஆட்டக்காரர்களே எட்டடி தூரத்துப் பட்டில் ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள். கிரீனுக்கு உரிய அடிக்குள் (பாரைவிட இரண்டு அடி குறைவாக) வந்து சேர்வது மூன்று ஹோலுக்கு இரண்டு என்ற அளவில்தான். நாம் எட்டடிப் பட் தவறினால் முகத்தைச் சுளிக்கிறோம். எதன் அடிப்படையில்?

பொறுமை_எதற்கு

கணக்கு சரி. ஆனால் மரத்தடியில் நிற்கும்போது யாருக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வரும்? அந்த இடைவெளி அப்போது வாசல் மாதிரி பெரிதாகத் தெரியும்.

எண்கணக்கு

உண்மைதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

பை_தூக்கி

எனக்குக் கொஞ்சம் தெரியும் சார். பன்னிரண்டு வருடம் கேடியாக (ஆட்டக்காரரின் பையைத் தூக்கி உதவுபவர்) இருந்தேன், இப்போது சொந்தமாக ஆடுகிறேன். கேடி ஷாட்டைப் பார்ப்பதைவிட ஆளைத்தான் அதிகம் பார்ப்பான்.

ஷாட் கெட்டதும் ஆட்டக்காரரிடம் முதலில் மாறுவது முகம் இல்லை, நடை. வழக்கமாக என்னோடு பேசிக்கொண்டே வருபவர் திடீரென்று பத்தடி முன்னால் போவார். பந்தை அடைவதற்கு முன்பே கையை நீட்டி, "ஃபைவ் வுட் கொடு" என்பார். பந்து எப்படிக் கிடக்கிறது என்றே இன்னும் பார்த்திருக்கமாட்டார். பந்தைப் பார்க்காமல் கேட்கும் கிளப் எப்போதும் கோபம் கேட்கும் கிளப்தான். அதை மட்டும் நான் உடனே கொடுக்கமாட்டேன்.

கொடுக்கமாட்டேன் என்றும் சொல்ல முடியாதே? அதற்குச் சில வித்தைகள் உண்டு. பையை இறக்குவதற்கு நேரமெடுப்பேன். துண்டு சிக்கிக்கொண்டது போல இழுப்பேன். "சார், முன்னால் இருக்கும் பங்கர் வரைக்கும் எவ்வளவு இருக்கும்?" என்று தெரிந்ததையே கேட்பேன். அவர் தூரத்தைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டால் போதும். மனசு முன்னால் போய்விட்டது என்று அர்த்தம், பின்னால் இருந்த ஷாட் அப்படியே நழுவிவிடும். கணக்குப் போட்டுக்கொண்டே ஆத்திரப்பட முடியாது, நீங்களே முயன்று பாருங்கள்.

ஒரு பெரியவரிடம் ரொம்ப நாள் பை தூக்கினேன். அவரிடம் ஒரு பழக்கம். ஷாட் கெட்டால் கையுறையைக் கழற்றி, மடித்து, பின் பாக்கெட்டில் பாதி வெளியே தெரிகிற மாதிரி செருகுவார். பந்தை அடையும்வரை அது அங்கேதான். பந்துக்குப் பக்கத்தில் வந்து, நின்று, அது கிடக்கும் நிலையைப் பார்த்து, எங்கே அடிப்பது என்று என்னிடம் சொன்ன பிறகுதான் போடுவார். ஒவ்வொரு விரலாக. சுண்டுவிரல் முழுக்க உள்ளே போகாவிட்டால் மறுபடி கழற்றுவார். முதல் நாள் இவர் என்ன இவ்வளவு தாமதம் என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, கையுறை இல்லாமல் யாரும் கிளப்பைப் பிடித்து அவசரமாக வீசமாட்டார்கள். தனக்குத் தானே போட்டுக்கொண்ட பூட்டு அது.

கோணல் சார், உங்கள் மரத்தடிக்கு ஒரு கேடியின் வழி: அந்த இடைவெளியை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே, எந்தப் பக்கம் ஃபேர்வே மிகக் கிட்டத்தில் இருக்கிறது என்று திரும்பிப் பாருங்கள். முதலில் பார்த்தது மனதில் நிற்கும். கிரீனை முதலில் பார்த்தால் கிரீன்தான் நிற்கும்.

மணல்_மூத்தவர்

சுண்டுவிரல்! இதை நாளைக்கே எடுத்துக்கொள்கிறேன்.

விதிப்புத்தகம்

கையுறையை விரல் விரலாகப் போடுங்கள், ஆனால் ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். அடிக்கும் நிலை வந்த பிறகு 40 விநாடிக்குள் அடிக்க வேண்டும் என்பது விதிப்புத்தகத்தின் பரிந்துரை. நடக்கும்போது கழற்றுங்கள், நடக்கும்போதே ஆறுங்கள்.

அப்புறம் மரத்தடியில் இன்னொரு வழி இருப்பதை யாருமே சொல்லவில்லை. பந்தை ஆடமுடியாத நிலை என்று அறிவித்து, ஒரு பெனால்டி அடியோடு டிராப் எடுக்கலாம் (பந்தைக் கையில் எடுத்து வேறிடத்தில் போடுவது). அடிமரத்தில் அடிப்பதும் ஒரு அடிதான், டிராப்பும் ஒரு அடிதான், ஆனால் டிராப்பில் பந்து இன்னும் உள்ளே போகாது.

மூன்றாம்_பட்

நான் இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எல்லோரும் மரம், பங்கர் என்றே பேசுகிறீர்கள். எனக்குக் கொதிப்பது கிரீனில். கெட்ட டிரைவுக்குப் பின்னால் முன்னூறு கெஜம் நடை இருக்கிறது, ஆறலாம். இரண்டடிப் பட் தவறினால் அடுத்த பட் ஒன்றரை அடியில் கிடக்கிறது. எங்கே நடப்பது, எதைத் துடைப்பது?

பெயரைப் பார்த்தே புரிந்திருக்கும், நான் மூன்றாவது பட்டையும் தவறவிடுகிற ஆள். நின்றவாக்கிலேயே ஒரு கையால் தட்டிவிடுவேன், அது விளிம்பில் சுற்றி வெளியே வரும். இப்போது ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். தவறிய பட் எவ்வளவு சின்னதாக மிச்சமிருந்தாலும் குறிக்காசு வைத்துப் பந்தை எடுத்துவிடுவேன். குனிய வேண்டும், பந்தைத் துடைக்க வேண்டும், மறுபடி வைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் "அதை என்னத்துக்கு மார்க் பண்ணுகிறாய், தட்டிவிடேன்" என்பார்கள். தட்டமாட்டேன்.

இன்னொன்று, இது கூட ஆடுகிறவர்களுக்கு. ஒருத்தர் ஷாட் கெட்டதும் "ஐயோ பாவம்", "தலையைத் தூக்கிட்ட", "நல்லாத்தானே போயிட்டிருந்த" என்று ஆளுக்கொன்று சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் அது ஆறுதல் இல்லை, உப்பு. கோணலின் நண்பர்கள் பேசாமல் வந்தது நல்லதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்குக் கேவலமாக இருந்தது, சரி. ஆனால் வெட்ஜ் தரையில் விழும் சத்தத்துக்குப் பிறகு அவர்களும் பட் செய்ய வேண்டியிருந்தது, அதையும் யோசியுங்கள். பக்கத்தில் ஒருவர் கொதித்துக்கொண்டு நின்றால் எனக்குக் கை நடுங்கும்.

கோணல்_டிரைவ்

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. மூவரில் ஒருவர் அன்றைக்கு அந்த ஹோலில் மூன்று பட் எடுத்தார். இப்போதுதான் உறைக்கிறது.

பொறுமை_எதற்கு

சரி, கத்துவதைக் குறைத்துக்கொள்கிறேன். இதை நான் ஒத்துக்கொள்வது இந்த இழையில் முதலும் கடைசியும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நிதானம்தான் எல்லாம் என்றால் ரோரி மெக்கில்ராயை எப்படி விளக்குவீர்கள்? 2011 மாஸ்டர்ஸில் கடைசி நாள் நாலு அடி முன்னிலையோடு வந்தார். பத்தாவது டீயில் பந்தை இடதுபக்கம் கேபின்களுக்கு நடுவே இழுத்துவிட்டார், டிரிபிள் போகி (பாரைவிட மூன்று அடி அதிகம்), கடைசியில் அன்றைய ஸ்கோர் 80. சின்னப் பையன், நிலைகுலைந்துவிட்டான் என்றார்கள். 2025-ல் அதே மைதானம். கடைசி நாள் முதல் ஹோலிலேயே டபுள் போகி. பதின்மூன்றில் கையில் வெட்ஜ், எளிதான ஷாட், ஓடையில் போட்டார், மறுபடி டபுள். பதினெட்டில் சின்னப் பட்டையும் விட்டார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அவரை நிதானமானவர் என்று சொல்லமாட்டார்கள். ஆனாலும் சமநிலையை உடைக்கும் ப்ளேஆஃபில் ஜஸ்டின் ரோஸை வென்றார். கோபமோ பதற்றமோ இருந்துகொண்டே ஜெயிக்கலாம்.

எண்கணக்கு

நான் முதலில் சொன்னதும் அதுதானே. மனம் கொதிக்கட்டும், அடுத்த ஷாட்டின் முடிவு மட்டும் கொதிக்கக் கூடாது.

இதற்கு நேர் எதிரான ஆளும் இருக்கிறார். 1999 ஓப்பன், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி, பிரெஞ்சு ஆட்டக்காரர் ஷான் வான் டி வெல்டே. கடைசி ஹோலுக்கு மூன்று அடி முன்னிலை, டபுள் போகி எடுத்தாலே கோப்பை. டிரைவ் வலதுபக்கம் போய்விட்டது, ஆனால் நல்ல இடத்தில்தான் கிடந்தது. வெட்ஜால் முன்னால் தட்டி வைத்துவிட்டு, அடுத்த அடியில் கிரீனுக்குப் போயிருக்கலாம். டூ அயர்னை எடுத்துக் கிரீனை நோக்கி அடித்தார். பந்து பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பி வந்து அடர்ந்த ரஃபில் விழுந்தது. அங்கிருந்து அடித்தது ஓடைக்குள். ஷூவைக் கழற்றிவிட்டு, காலுறையும் இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கி நின்று, அங்கிருந்தே அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கடைசியில் டிராப், பங்கர், ஒரு பட், மொத்தம் 7. ப்ளேஆஃபில் பால் லாரி ஜெயித்தார்.

அந்த மனிதர் முகத்தில் கோபமே இல்லை. கிளப் எதையும் வீசவில்லை. நம் எல்லோரையும்விட அமைதியாகத்தான் இருந்தார். அமைதியாக இருந்துகொண்டே தப்பான ஷாட்டைத் தேர்ந்தெடுத்தார்.

பை_தூக்கி

எண்கணக்கு சார் சொல்வதில் ஒரு பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். அமெரிக்க ஆட்டக்காரர் ஜோர்டன் ஸ்பீத்தைப் பாருங்கள். 2016 மாஸ்டர்ஸில் ஒன்பது ஹோல் முடிந்தபோது ஐந்து அடி முன்னிலை. பன்னிரண்டில் பந்து ஓடையில் விழுந்தது. டிராப் எடுத்து அடித்தார், அதையும் ஓடையில் போட்டார். அந்த பார் 3-ல் 7. அடுத்த வருடம் ஓப்பன், ராயல் பர்க்டேல், பதின்மூன்றாவது ஹோல். டிரைவ் வலது பக்கம் எங்கேயோ போய் மேட்டில் விழுந்தது. இந்த முறை அவசரமே படவில்லை. ஆடமுடியாத நிலை என்று அறிவித்து, பின்னால் பயிற்சி மைதானம் வரைக்கும் போய் டிராப் எடுத்து, கேடியோடு பேசிப் பேசி, சுமார் இருபது நிமிடம் ஆனது. போகியோடு தப்பினார். அதற்கப்புறம் பர்டி (பாரைவிட ஒன்று குறைவு), ஈகிள் (இரண்டு குறைவு), பர்டி, பர்டி. கோப்பை அவருக்கு.

முடிவு சரியாக வருவதற்கே நேரம் வேண்டும் சார். அந்த நேரத்தைக் கோபம் தராது. நமக்கு இருபது நிமிடம் யாரும் தரமாட்டார்கள், விதிப்புத்தகம் சார் சண்டைக்கே வருவார். ஆனால் நாற்பது விநாடிக்குள்ளேயே நிறைய இடம் இருக்கிறது.

கோணல்_டிரைவ்

ஒரு சந்தேகம். மூச்சை ஆழமாக இழுத்தால் எனக்குத் தோள் இன்னும் விறைக்கிறது. நான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா?

மூன்றாம்_பட்

இழுப்பதில் இல்லை, விடுவதில்தான் விஷயம். வெளியே விடும்போதுதான் இதயத் துடிப்பு மெதுவாகும். சாதாரணமாக இழுங்கள், இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் விடுங்கள், தோள் தானாக இறங்கும். விட்டு முடித்த கையோடு கிளப்பைப் பிடியுங்கள். பிடி தளர்வாக இருப்பதை நீங்களே உணர்வீர்கள். ஷாங்க் அடித்த பிறகு நீங்கள் கிளப்பைப் பிடித்த பிடியை நினைத்துப் பாருங்கள், விரல் வெளுத்திருக்கும்.

பொறுமை_எதற்கு

நல்ல ஸ்விங் ஒன்றை அந்த இடத்திலேயே சும்மா வீசிப் பார்த்துவிட்டு நகர்வதும் உதவும். இதை நான் செய்கிறேன். கெட்ட ஸ்விங்கோடு அந்த இடத்தைவிட்டுப் போகக் கூடாது. ஒன்றே ஒன்றுதான். ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தால் பதினெட்டாவது ஹோல் வரை ஆராய்ச்சிதான்.

மணல்_மூத்தவர்

பார்த்தீர்களா, நம்ம பொறுமை_எதற்குவிடமே ஒரு சடங்கு இருக்கிறது.

கோணல்_டிரைவ்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். ஆடிவிட்டேன். 91.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நாலாவது ஹோலில் டிரைவைத் தலையில் தட்டி, பந்து பெண்கள் டீயைத் தாண்டவில்லை. வழக்கப்படி த்ரீ வுட்டுக்குக் கை போனது. கையுறையைக் கழற்றி பாக்கெட்டில் செருகியிருந்தேன், அதனால் கை வெறுமையாக இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. செவன் அயர்ன், அப்புறம் ஒன்பது அயர்ன், போகி. அந்த போகி எனக்கு பர்டி மாதிரி இருந்தது.

பதினோராவது ஹோல். அதே இடம் இல்லை, இன்னும் பத்து கெஜம் பின்னால், கையில் செவன் அயர்ன். முட்டாள்தனமாக ஷாங்கைப் பற்றியே நினைத்துக்கொண்டு அடித்தேன். ஷாங்க் ஆகவில்லை, ஆனால் வலது பக்கம் மரங்களுக்குள்தான் மறுபடி. நின்று செவன் அயர்னைத் துடைத்தேன். கோடுகளுக்குள் உண்மையிலேயே நிறைய மண் இருந்தது, எத்தனை மாதமோ. நடக்கும்போது நன்றாகத் திட்டிக்கொண்டேன். பந்துக்குப் பக்கத்தில் போனபோது கேடி நண்பர் சொன்னபடி முதலில் ஃபேர்வே பக்கம் திரும்பினேன். பதினைந்து கெஜம்தான். போன வாரமும் அங்கே அதே பதினைந்து கெஜம் இருந்திருக்கும், நான் பார்க்கவே இல்லை. தட்டி வெளியே வந்து, கிரீனுக்கு அடித்து, இரண்டு பட். 6. எண்கணக்கு சொன்ன அதே 6.

ஆனால் பதினேழில் எல்லாம் பறந்துவிட்டது. மூன்றடிப் பட் விளிம்பில் சுற்றி வெளியே வந்தது. குறிக்காசு எல்லாம் ஞாபகமே இல்லை, ஒரு கையால் தட்டினேன், அதுவும் போகவில்லை. 7. பட்டரை ஓங்கினேன், கீழே கொண்டுவரவில்லை. பக்கத்தில் நின்றவர் அதைப் பார்த்து இரண்டடி நகர்ந்துகொண்டார். அவர்தான் போன முறை மூன்று பட் எடுத்தவர். பட்டரைப் பையில் வைத்துவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், போன வாரத்துக்கும் சேர்த்து. "வெட்ஜை விட பட்டர் விலை அதிகம் என்று ஞாபகம் வந்ததா?" என்றார்.

மூன்றாம்_பட்

குறிக்காசை இடது பாக்கெட்டில் பந்துகளோடு போடாதீர்கள். தனியாக வையுங்கள், தேட வேண்டியிருந்தால் ஞாபகம் வராது.

விதிப்புத்தகம்

91-க்கு வாழ்த்துகள். அந்த வளைந்த வெட்ஜ் என்ன ஆனது? கெட்ட கிளப்பைக் கொண்டு அடிக்கலாம் என்று நான் சொன்ன சலுகை, அது கெட்ட அந்த ஒரு ரவுண்டுக்குத்தான். அடுத்த ரவுண்டில் ஷாஃப்ட் வளைந்த கிளப்பால் ஒரு அடி அடித்தாலும் போட்டியிலிருந்து தகுதிநீக்கம்.

கோணல்_டிரைவ்

பையில்தான் இருந்தது. எடுத்து வெளியே வைக்க மறந்துவிட்டேன். அதைக்கொண்டு அடிக்கவில்லை, 120 கெஜத்துக்கு ஒன்பது அயர்னையே மெதுவாக ஆடினேன்.

விதிப்புத்தகம்

அடிக்காதவரை பெனால்டி இல்லை. ஆனால் 14 கிளப் என்ற உச்சவரம்புக் கணக்கில் அதுவும் சேரும்.

கோணல்_டிரைவ்

இப்போதுதான் பையைக் கொட்டி எண்ணினேன். அதையும் சேர்த்து 14. தப்பித்தேன்.